கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் போட்டால் ஓடவில்லை

கேள்வி: 2024 பிப்ரவரி 11, இரவு 10:40

மாமாவின் ஹார்ட்வேர் கடைக்கு பில் போடும் மென்பொருளை வாடகை சர்வர் ஒன்றில் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். உபுண்டு. தினமும் இரவு 2 மணிக்கு டேட்டாபேஸை பேக்கப் எடுக்க கிரான்டாப்பில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானின் பட்டியல்) ஒரு வரி எழுதினேன். அதே வரியைத் திரையில் ஒட்டி என்டர் தட்டினால் கோப்பு வந்துவிடுகிறது. கிரானில் மூன்று நாளாக ஒன்றும் வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. கிரானை விட்டுவிட்டு வேறு ஏதாவது பார்க்கலாமா அண்ணா?

பிப்ரவரி 11, இரவு 11:25

விட வேண்டாம் தம்பி. இந்தக் கேள்வியை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். விடை பெரும்பாலும் ஒன்றுதான்: பாத்.

நீங்கள் சர்வருக்குள் நுழையும்போது உங்கள் ஷெல் (தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) ப்ரொஃபைல் கோப்புகளைப் படித்து, நிரல்களை எந்தெந்த அடைவில் (ஃபோல்டரில்) தேட வேண்டும் என்று நீளமான பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்கிறது, அதுதான் பாத். கிரான் அதையெல்லாம் படிப்பதில்லை. யூஎஸ்ஆர் அடைவுக்குள் இருக்கும் “பின்”, வெளியே இருக்கும் “பின்”, இந்த இரண்டு அடைவுதான் அதற்குத் தெரியும். ஷெல்லும் நீங்கள் பழகிய பேஷ் இல்லை, வெறும் எஸ்ஹெச். உபுண்டுவில் 2006-லிருந்து அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது டேஷ். பேஷுக்கு மட்டும் புரியும் இலக்கணம் எதையாவது எழுதியிருந்தால் அது அங்கேயே விழுந்துவிடும்.

சூழல் மாறிகளை ஒரு கோப்பில் கொட்டச் சொல்லி ஐந்து நட்சத்திரத்தோடு (நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்) ஒரு வரி போடுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து அதைத் திறந்து, உங்கள் திரையில் தெரிவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு அந்த வரியை எடுக்க மறக்காதீர்கள். அப்புறம், உங்கள் வரியை அப்படியே இங்கே ஒட்டுங்கள், கடவுச்சொல்லை மட்டும் அழித்துவிட்டு.

பிப்ரவரி 12, காலை 7:10

தம்பி வரியை ஒட்டியிருக்கிறார். நேற்று நான் சொன்னது தப்பு. டம்ப் எடுக்கும் (டேட்டாபேஸைக் கோப்பாக எழுதித் தரும்) நிரல் கிரானுக்குத் தெரிந்த அடைவில்தான் இருக்கிறது. வரியைப் பார்க்காமலே வைத்தியம் சொல்லிவிட்டேன்.

வம்பு செய்தது % குறி. கோப்பின் பெயரில் அன்றைய தேதி வரட்டும் என்று டேட் கட்டளையை உள்ளே வைத்திருக்கிறார், அதில் % இருக்கிறது. கிரான்டாப்பைப் பொறுத்தவரை முதல் % வந்த இடத்தோடு கட்டளை முடிந்தது. அதற்குப் பின்னால் இருப்பதையெல்லாம் கட்டளைக்கு உள்ளீடாக ஊட்டிவிடும், அடுத்து வரும் ஒவ்வொரு %-உம் புது வரியாகிவிடும். ஆக, ஷெல்லுக்குப் போய்ச் சேர்ந்தது அடைப்புக்குறி மூடாத பாதி வரி.

ஒவ்வொரு %-க்கும் முன்னால் \ போட்டால் சரியாகிவிடும். நான் அதைக்கூடச் செய்வதில்லை. எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்டில் எழுதிவிட்டு, கிரானில் அதன் முழுப் பாதையை மட்டும் போடுவேன். ஸ்கிரிப்டுக்குள் % வெறும் %தான்.

சிஸ்லாக்கையும் (சர்வர் தன் நிகழ்வுகளை எழுதி வைக்கும் கோப்பு) பாருங்கள். கட்டளை % இருந்த இடத்தில் அறுந்து நிற்கும். பக்கத்திலேயே, அஞ்சல் நிரல் நிறுவப்படவில்லை, வெளியீட்டைத் தூக்கிப்போட்டேன் என்று இன்னொரு வரி இருக்கும். கிரான் பிழையை மறைக்கவில்லை. அதன் வழக்கப்படி மின்னஞ்சலில் சொல்லப் பார்த்திருக்கிறது, உங்கள் சர்வரில் தபால்காரர் இல்லை.

பிப்ரவரி 12, இரவு 11:50

“அப்படியானால் வெளியீட்டையெல்லாம் டெவ் நல்லுக்குத் திருப்பிவிடுகிறேன், லாக் சுத்தமாக இருக்கும்” என்று தம்பி எழுதியிருக்கிறார். டெவ் நல் என்பது போட்டதையெல்லாம் தடயமில்லாமல் விழுங்கும் வெற்றிடம். வேண்டாம். ஏன் வேண்டாம் என்று சொல்ல என் கதையைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்வதில் எனக்கு ஒன்றும் பெருமை இல்லை.

2009. கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் கணக்கு அலுவலகம். டேட்டாபேஸை டம்ப் எடுத்து, பைப் வழியாக (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டுவது) கோப்பைச் சுருக்கும் ஜிசிப்புக்கு அனுப்பி, தேதி போட்ட கோப்பில் சேமிக்க ஒரு கிரான் வரி. டிஸ்க் நிரம்பிவிடாமல் இருக்க, 30 நாளுக்கு மேல் பழைய கோப்புகளை அழிக்க இன்னொரு வரி. தினமும் காலையில் வரும் மின்னஞ்சல் தொல்லையாக இருந்ததால் இரண்டு வரியின் கடைசியிலும் 2>&1 சேர்த்து, பிழைச் செய்தி உட்பட எல்லாவற்றையும் டெவ் நல்லுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு வருடம் நன்றாகவே ஓடியது.

பிறகு ஒரு நாள் டேட்டாபேஸைப் புது வெர்ஷனுக்கு மாற்றினேன். புதியதை யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் நிறுவினேன். என் ஷெல்லுக்கு அந்த இடம் தெரியும், கிரானுக்குத் தெரியாது. அன்றிரவிலிருந்து டம்ப் கட்டளையே கிடைக்கவில்லை. ஆனால் பைப்பின் மறுமுனையில் ஜிசிப் இருக்கிறதே, அது தன் வேலையைச் செய்தது. ஒன்றுமில்லாததைக் கொடுத்தாலும் ஜிசிப் ஒழுங்காகச் சுருட்டித் தரும், 20 பைட்டில் ஒரு கோப்பு. பைப்பில் கடைசியாக நிற்கும் கட்டளை வெற்றி என்றால் ஷெல்லுக்கு மொத்தமும் வெற்றிதான்.

ஐந்து மாதம் கழித்து டிஸ்க் போயிற்று. பேக்கப் அடைவைத் திறந்தால் முப்பது கோப்பு, வரிசையாகத் தேதி போட்டு, ஒவ்வொன்றும் 20 பைட். ஐந்து மாதத்துக்கு முந்தைய நல்ல கோப்புகள் எங்கே? இரண்டாவது வரி அவற்றை நாள் தவறாமல் அழித்து முடித்திருந்தது. முதல் வரி வேலை செய்யவில்லை என்பதுகூடப் பரவாயில்லை. இரண்டாவது வரி வேலை செய்ததுதான் கொடுமை.

அலுவலகத்தில் இரண்டு அக்காக்கள் ஐந்து வாரம் உட்கார்ந்து வவுச்சர்களைப் பார்த்துத் திரும்பவும் தட்டினார்கள். எனக்கு அவர்கள் எதிரில் போய் நிற்க முகமில்லை. டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு போவேன், வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

ஆகவே தம்பி, டெவ் நல்லை மறந்துவிடுங்கள். வெளியீட்டை ஒரு லாக் கோப்பில் சேருங்கள். பைப் இருந்தால் ஸ்கிரிப்டை பேஷில் எழுதி, மேலேயே பைப்ஃபெயிலை (பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் மொத்தமும் தோல்வி என்று சொல்ல வைப்பது) இயக்கிவிடுங்கள். கோப்பு வந்ததா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல் அதன் அளவையும் பாருங்கள்.

பிப்ரவரி 13, காலை 9:05

கோப்பு வந்துவிட்டதாம். ஆனால் 7:30-க்கு வந்திருக்கிறது!

சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம், நம்மைவிட ஐந்தரை மணி பின்னால்) ஓடுகிறது. அங்கே 2 மணி என்றால் நமக்குக் காலை ஏழரை. நமக்கு இரவு 2 மணிக்கு வேண்டுமென்றால் 30 20 * * * என்று போட வேண்டும் (கட்டங்கள் வரிசையாக நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை), அதாவது அங்கே முந்தின நாள் இரவு எட்டரை. தினமும் ஓடும் வேலைக்கு இந்தக் கழித்தல் போதும்.

மாத வேலைக்குப் போதாது. 1-ஆம் தேதி நள்ளிரவு 12:30-க்கு நம்மூர் நேரப்படி ஓட வேண்டும் என்றால் யூடிசியில் அது முந்தைய மாதத்தின் கடைசி நாள் மாலை 7 மணி. கடைசி நாள் 28-ஆ, 29-ஆ, 30-ஆ, 31-ஆ? கிரானில் கடைசி நாள் என்று சொல்ல வழியே கிடையாது. இந்த மாதம் வேறு 29 நாள். கடை ஒன்று, ஊர் ஒன்று என்றால் பேசாமல் சர்வரின் நேர மண்டலத்தையே ஆசியா-கொல்கத்தா என்று மாற்றிவிடுங்கள். மாற்றியபின் கிரானை ஒரு முறை மறுதொடக்கம் செய்துவிடுவது என் வழக்கம். பழைய மண்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற கிரானைப் பார்த்திருக்கிறேன்.

ஃபெடோரா என்ற லினக்ஸ் பக்கம் இருக்கும் குரோனி என்ற கிரான் வகையில் கிரான்-டிஇசட் என்று ஒரு மாறி வைத்து அந்தக் கோப்புக்கு மட்டும் மண்டலத்தைச் சொல்லலாம். உபுண்டுவுக்கு மூலமான டெபியனின் கிரானுக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்லவும் செய்யாது. ஏதோ ஒரு சூழல் மாறி என்று வாங்கி வைத்துக்கொண்டு பழைய நேரத்திலேயே ஓட்டும். ஒரு வாரம் தேடி அலைந்திருக்கிறேன் இதற்காக.

பிப்ரவரி 13, மதியம் 1:20

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், “எங்களுக்கும் அதே ஐந்தரைதானே” என்று எழுதியிருக்கிறார். இப்போது அதேதான். ஆனால் 1996 மே மாதம் இலங்கையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள், அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. ஆகவே அங்குள்ள சர்வருக்கு ஆசியா-கொழும்பு என்றே வையுங்கள். பழைய பதிவுகளின் நேரத்தைப் படிக்கும்போது அந்தப் பத்து வருடம் சரியாக வரும்.

பிப்ரவரி 13, இரவு 8:00

இன்னொருவர் தன் வரியைக் காட்டி, “இது இரவு 2 மணிக்குத்தானே?” என்கிறார். * 2 * * *

இல்லை. இது 2 மணியில் தொடங்கி 2:59 வரை நிமிடத்துக்கு ஒன்றாக அறுபது தடவை. முதல் கட்டம் நிமிடம். அங்கே எண் போடுங்கள். 0 வேண்டாம், 13, 37 என்று ஏதாவது போடுங்கள். எல்லாரும் 0 போடுவதால் ஒரே நொடியில் எல்லாம் எழுந்து முட்டிக்கொள்கின்றன.

பிப்ரவரி 17, காலை 11:15

இன்றைக்கு விடுமுறை. ஒரு கதை.

2013 ஜனவரி கடைசி. மோட்டார் பம்ப் மொத்த வியாபாரி ஒருவருக்கு வேலை பார்த்தேன். மாதம் 1-ஆம் தேதி காலை 11 மணிக்கு டீலர்களுக்கு நிலுவைத் தொகையை எஸ்எம்எஸ்ஸில் அனுப்ப வேண்டும். எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில் முதலாளி, “வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம் தம்பி. 1-ஆம் தேதி வெள்ளிக்கிழமை வந்தால் அன்றைக்கு அனுப்ப வேண்டாம், நானே போனில் கேட்டுக்கொள்கிறேன்” என்றார். இது என்ன பெரிய விஷயம் என்று திங்கள் மாலை நின்றவாக்கிலேயே மாற்றினேன்:

0 11 1 * 0-4,6

தேதி 1, கிழமை வெள்ளி தவிர மற்றவை (ஞாயிறு 0, வெள்ளி 5). படித்துப் பார்த்தால் அப்படித்தானே இருக்கிறது?

கிரானில் தேதிக் கட்டம், கிழமைக் கட்டம் இரண்டிலும் எண் இருந்தால் இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டியதில்லை. ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். மற்றக் கட்டங்கள் எல்லாம் “இதுவும், அதுவும்”. இந்த இரண்டுக்கு மட்டும் “இதுவோ, அதுவோ”. செவ்வாய் எஸ்எம்எஸ் போனது. புதன் போனது. வியாழன் போனது. டீலர்கள் முதலாளியிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தங்களுக்குள் பேசியிருக்கிறார்கள், ஆள் ஏதோ நெருக்கடியில் இருக்கிறார் என்று. சரி, வெள்ளிக்கிழமையாவது நின்றதா? அந்த வெள்ளிக்கிழமைதான் பிப்ரவரி 1. கிழமை பொருந்தவில்லை, தேதி பொருந்தியது. ராகு காலத்தில் சரியாக 11 மணிக்கு எல்லாருக்கும் போனது.

பன்னிரண்டு மணிக்கு மேல்தான் என்னைக் கூப்பிட்டார். ராகு காலம் முடியட்டும் என்று காத்திருந்தாராம்.

கிழமையைச் சோதிப்பதை ஸ்கிரிப்டுக்குள் வைப்பதுதான் இதற்கு வழி: கிரானில் தேதி மட்டும், உள்ளே நுழைந்ததும் இன்று வெள்ளியா என்று பார்த்து வெளியேறு. நான் அதையும் செய்யாமல் நேரத்தையே காலை 6 மணிக்கு மாற்றிவிட்டேன். 6 மணிக்கு எந்தக் கிழமையிலும் ராகு காலம் கிடையாது.

பிப்ரவரி 18, காலை 8:30

திருத்தம் ஒன்று. வியாழக்கிழமை 6-லிருந்து 7:30 வரை எமகண்டம் என்று மூன்று பேர் தனித்தனியாக எழுதிவிட்டீர்கள். நாட்காட்டியைப் பார்த்தேன், உண்மைதான். பதினோரு வருடமாக, 1-ஆம் தேதி வியாழனில் வந்தபோதெல்லாம் எமகண்டத்தில் பணம் கேட்டிருக்கிறோம். வசூல் குறைந்ததாகத் தெரியவில்லை. முதலாளியிடம் சொல்லப்போவதில்லை.

திருத்தம் இரண்டு. “இரண்டிலும் எண் இருந்தால்” என்று எழுதினேன், அது முழு விதி இல்லை. கட்டம் * குறியில் தொடங்குகிறதா என்றுதான் கிரான் பார்க்கிறது. தேதிக் கட்டத்தில் */2 என்று போட்டால், அது நட்சத்திரத்தில் தொடங்குவதால் “இதுவும், அதுவும்” ஆகிவிடும். 0 5 */2 * 1 என்பது ஒற்றைப்படைத் தேதியில் வரும் திங்கள் மட்டும். 0 5 1-31/2 * 1 என்பது எல்லா ஒற்றைப்படைத் தேதியும், கூடவே எல்லாத் திங்களும். கணக்குப்படி இரண்டும் ஒன்று, கிரானுக்கு வேறு வேறு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளாமல் இரண்டு கட்டத்தையும் ஒருசேர நிரப்புவதையே விட்டுவிட்டேன்.

அந்த / குறியைப் பற்றி இன்னொன்று. */45 என்றால் 45 நிமிடத்துக்கு ஒருமுறை என்று நினைக்காதீர்கள். 0-ஆம் நிமிடம், 45-ஆம் நிமிடம், பிறகு 15 நிமிடத்திலேயே அடுத்த மணியின் 0. ஒவ்வொரு மணிக்கும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. ஒன்றரை மணிக்கு ஒருமுறை என்பதை ஒரே வரியில் எழுதவே முடியாது.

பிப்ரவரி 20, இரவு 10:15

சின்னது. ஈடிசியில் உள்ள கிரான்-டெய்லி அடைவில் (இதில் இருப்பவை தினம் ஒருமுறை ஓடும்) ஸ்கிரிப்டைப் போட்டும் ஓடவில்லை என்றவருக்கு: கோப்பின் பெயரில் புள்ளி இருக்கிறதா? டெபியன், உபுண்டுவில் பெயரில் புள்ளி இருந்தால் அதைத் தொடவே மாட்டார்கள். பெயருக்குப் பின்னால் வரும் புள்ளி-எஸ்ஹெச் வாலை வெட்டிவிடுங்கள். கேட்டால் “சொல்லவே இல்லையே” என்பீர்கள். அதேதான் என் குறையும்.

பிப்ரவரி 24, மாலை 5:40

“இன்னுமா கிரான்? எல்லாவற்றையும் சிஸ்டம்டி டைமருக்கு மாற்றிவிட்டு இந்த இழையை மூடுங்கள்” என்று ஒருவர். சிஸ்டம்டி டைமர் என்பது கிரானின் வேலையைச் செய்ய இன்றைய லினக்ஸில் உள்ள வேறொரு வசதி. கோபமாகப் பதில் எழுதி அழித்துவிட்டேன். பாதி அவர் சொல்வது சரி.

கிரான் 1970-களில் பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸில் வந்தது. ஒரே ஒரு பட்டியல் கோப்பு, நிமிடத்துக்கு ஒருமுறை விழித்துப் பார்ப்பது, நேரம் வந்ததை ஓட்டுவது, மறுபடி தூங்குவது. இன்று நாம் பயன்படுத்துவதில் பெரும்பகுதி பால் விக்ஸி என்பவர் 1987-இல் எழுதியதன் வழி வந்தது. அந்த நிமிடத்தில் இயந்திரம் அணைந்திருந்தால் வேலை போயிற்று, அவ்வளவுதான். விட்டுப்போனதை அது நினைத்துப் பார்ப்பதில்லை.

இது எனக்கு எங்கே உறைத்தது என்றால், திருப்பூரில் ஒரு சின்ன அலுவலகம். சர்வர் என்று தனியாக இல்லை, மூலையில் ஒரு கணினி. இரவு 2 மணிக்கு பேக்கப். ஒரு நாள்கூட ஓடவில்லை. லாக்கில் 2 மணி என்ற நேரமே இல்லை, 9 மணியோடு நின்று காலை 8:40-க்குத் தொடங்குகிறது. கடைசியில் பார்த்தால் வாட்ச்மேன் அண்ணன் இரவு 9 மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவாராம். தீ விபத்து பயம். அவர் மேல் என்ன தப்பு? நான்தான் அவரிடம் கேட்காமல் 2 மணி என்று முடிவு செய்தேன்.

அங்கே அனக்ரானைப் போட்டேன். அது மணியைப் பார்க்காது, நாளைப் பார்க்கும். கடைசியாக என்றைக்கு ஓடியது என்று ஒரு தேதியை எழுதி வைத்துக்கொண்டு, நாள் தாண்டியிருந்தால் இயந்திரம் எழுந்ததும் சில நிமிடத்தில் ஓட்டிவிடும். இதையே இன்று சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டென்ட் என்ற ஒரு வரியை இயக்கி வாங்கிவிடலாம். அதோடு வெளியீடு தானாக ஜர்னல் என்ற அதன் பதிவேட்டில் சேரும், தபால்காரர் தேவையில்லை. முந்தைய ஓட்டம் முடியாமல் இருந்தால் இரண்டாவதைத் தொடங்காது. அடுத்து எப்போது, கடைசியாக எப்போது என்று ஒரே கட்டளையில் பட்டியல் தரும். மண்டலத்தையும் அந்த வரியிலேயே எழுதலாம். ரேண்டமைஸ்ட் டிலே என்று ஒன்று உண்டு, நூறு இயந்திரங்கள் ஒரே நொடியில் எழாமல் கலைத்துவிடும். டெபியனில் தினசரி வேலைகள் காலை 6:25-க்கு என்று வைத்திருக்கிறார்கள். ஒரே பெட்டிக்குள் முப்பது டெபியன் மெய்நிகர் இயந்திரங்கள் வைத்திருப்பவரிடம் 6:25-க்கு டிஸ்க் எப்படி முனகும் என்று கேட்டுப் பாருங்கள்.

பிடிக்காதது என்ன என்றால், ஒரு வரி வேலைக்கு இரண்டு கோப்பு எழுத வேண்டும். உங்கள் பயனர் கணக்கில் டைமர் வைத்து லிங்கரை இயக்க மறந்தால், நீங்கள் வெளியேறியதும் அதுவும் படுத்துவிடும். கிரானில் ஒரு பக்கத்தில் மொத்தமும் கண்ணுக்குத் தெரியும். புது சர்வரில் முக்கியமான வேலைக்கு டைமர்தான் வைக்கிறேன். சில்லறை வேலைக்கு இன்னும் கிரான். இழையை மூடப்போவதில்லை.

பிப்ரவரி 25, காலை 6:50

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. கிரானிலேயே ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தடுக்க எஃப்லாக் என்ற பூட்டுக் கட்டளை இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கோப்புகளை வேறு ஊருக்கு நகலெடுக்கும் வேலை ஒன்று வைத்திருந்தேன். ஒரு நாள் நெட் மந்தமாகி ஒவ்வொரு ஓட்டமும் அரை மணி எடுத்தது. கிரானுக்கு அது தெரியுமா? ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று புதிதாகத் தொடங்கிக்கொண்டே இருந்தது. எல்லாம் அதே நெட்டைப் பங்கு போட்டுக்கொண்டு இன்னும் மந்தமாகி, மத்தியானம் சர்வரில் நுழையவே முடியவில்லை. எஃப்லாக் மைனஸ் என் என்று முன்னால் சேர்த்தால், பூட்டு வேறொருவர் கையில் இருந்தால் பேசாமல் திரும்பிவிடும். அந்தத் திரும்புதலையும் லாக்கில் எழுத வையுங்கள்.

மார்ச் 1, இரவு 9:30

“பிழை வந்தால் மின்னஞ்சல் வரும்படி செய்துவிட்டேன், இனி நிம்மதி” என்று தம்பி எழுதியிருக்கிறார்.

2017 ஜனவரி 31, நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையச் சேவையான கிட்லேப். பொறியாளர் ஒருவர் களைப்பில் தவறான சர்வரில் டேட்டாபேஸ் அடைவை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், தினசரி டம்ப் வைக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அவர்களின் டேட்டாபேஸ் வெர்ஷன் 9.6, டம்ப் எடுக்க ஓடியது 9.2-க்கான நிரல், அது பிழை சொல்லி நின்றுவிட்டது. கிரான் அந்தப் பிழையை மின்னஞ்சலில் அனுப்பவும் செய்தது. ஆனால் அந்த அஞ்சல்களுக்கு டிமார்க் (அனுப்பியவர் உண்மையானவரா என்று சரிபார்க்கும் முறை) சரியாக அமைக்கப்படவில்லை என்பதால் பெறும் சர்வர் அவற்றை வாசலிலேயே நிறுத்திவிட்டது. யாரும் பார்க்கவில்லை. கடைசியில் ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்த டிஸ்க் நகல் ஒன்று இருந்ததால் பிழைத்தார்கள். அந்த ஆறு மணி நேரத்து டேட்டாபேஸ் மாற்றங்கள் போனது போனதுதான். இதையெல்லாம் அவர்களே விவரமாக வெளியிட்டார்கள். அதைப் படித்த இரவு எனக்கு அந்த 20 பைட் கோப்புகள் கண்முன் வந்து நின்றன.

பிழை வந்தால் சொல் என்பது போதாது. வேலை தொடங்கவே இல்லை என்றால் பிழையும் வராது. திருப்பிப் போடுங்கள்: நன்றாக முடிந்தால் செய்தி அனுப்பு. செய்தி வராத நாள்தான் பிரச்சினை நாள். ஊருக்குப் போனவர் இறங்கியதும் போன் செய்வதில்லையா, அது மாதிரி.

மார்ச் 2, காலை 7:00

மேலே சொன்னதில் ஓட்டை இருக்கிறது, எனக்கே இரவில் தோன்றியது. தினமும் வரும் செய்தியைப் பத்து நாளில் கண் பார்க்காமல் விட்டுவிடும். அது வராமல் போனதை எப்படிக் கவனிக்கும்? இரண்டு வழி. வராவிட்டால் கத்துவதற்கு வேறொரு இயந்திரத்தில் இன்னொரு சோதனை வைப்பது சரியான வழி. தம்பியின் கடைக்கு அது பெரிய ஏற்பாடு. அதனால் செய்தியில் கோப்பின் அளவையும் போடச் சொன்னேன். மாறும் எண்ணைக் கண் கொஞ்சம் பார்க்கும்.

மார்ச் 4, இரவு 11:05

கிரான்டாப் மைனஸ் ஈ என்றால் திருத்து. மைனஸ் ஆர் என்றால் மொத்தத்தையும் அழி. விசைப்பலகையில் இரண்டும் அடுத்தடுத்த விசை. இதைத் தீர்மானித்தவர் யாரென்று தெரிந்தால் நேரில் போய்ப் பார்க்க ஆசை. இன்றைக்கு ஒருவர் 42 வரிகளை இழந்துவிட்டு வந்திருக்கிறார். சிஸ்லாக்கில் ஓடிய கட்டளைகளைப் பொறுக்கிப் பெரும்பகுதியை மீட்டுவிடலாம், மாத வேலைகள் மட்டும் கொஞ்சம் பழைய லாக்கில் இருக்கும். மைனஸ் எல் கொடுத்து வரும் பட்டியலை ஒரு கோப்பில் சேமிக்க தினம் ஒரு கிரான் வரி வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், நான் வைத்திருக்கிறேன்.

மார்ச் 10, இரவு 9:20

அமெரிக்காவில் இன்று கடிகாரம் 2 மணியிலிருந்து 3-க்குத் தாவியது. அங்கே வேலை பார்க்கும் ஒருவர் தன் 2:30 வேலை என்ன ஆகும் என்று கேட்டிருந்தார். டெபியனின் கிரான் தாவலைக் கவனித்து, விழுங்கப்பட்ட வேலையைத் தாவியதும் ஓட்டிவிடும். நவம்பரில் அதே மணி இரண்டு தடவை வரும்போது இரண்டாம் முறை ஓட்டாது. நட்சத்திரம் போட்ட மணி, நிமிட வேலைகளுக்கு இந்தச் சலுகை இல்லை. எல்லா வகைக் கிரானும் இப்படி நடந்துகொள்ளும் என்று நம்ப வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் 1-லிருந்து 3 மணிக்குள் எதையும் வைக்காமல் இருப்பது உத்தமம்.

ஆகஸ்ட் 19, இரவு 1:50

ஐந்து மாதம் கழித்து இதைத் திறக்கிறேன்.

தம்பியின் சர்வரில் நேற்று செய்தி வரவில்லை. காலையில் கடைக்குப் போகும் வழியில் கவனித்திருக்கிறார், தினம் வரும் எண் இல்லை என்று. பார்த்தால் டிஸ்க் நூறு சதவீதம் நிரம்பியிருக்கிறது. பில் போடும் மென்பொருளும் நின்றுவிட்டது, ஞாயிற்றுக்கிழமை காலையில், கடையில் கூட்டம். ஏன் நிரம்பியது? பிப்ரவரியிலிருந்து ஒரு பேக்கப்பைக்கூட அழிக்கவில்லை. “நீங்கள் அந்த இரண்டாவது வரியைப் பற்றிச் சொன்னதிலிருந்து அழிக்கக் கை வரவில்லை அண்ணா” என்கிறார்.

அதுவும் என் கணக்கில்தான். நேற்று மாலை போனில் உட்கார்ந்து ஸ்கிரிப்டை மாற்றினோம். அழிக்கும் வேலை இனி தனி வரி இல்லை. அதே ஸ்கிரிப்டில் டம்புக்குப் பின்னால், நடுவில் && போட்டு. புதுக் கோப்பு நேற்றையதில் பாதி அளவாவது இருந்தால் மட்டும் பழையது அழியும். நாள் கணக்கும் பார்ப்பதில்லை, கடைசியாக வந்த 30 நல்ல கோப்புகள் எப்போதும் இருக்கும், டம்ப் ஆறு மாதம் நின்றாலும் அவை அப்படியே இருக்கும். பிறகு நேற்று முன்தினக் கோப்பை எடுத்து அவருடைய மடிக்கணினியில் மீட்டுப் பார்த்தோம். கடைசி பில் ஒரு கிலோ ஆணியும் இரண்டு தாழ்ப்பாளும், சரியாக இருந்தது.

செய்தி போகும் டெலிகிராம் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார். கடைசியாக வந்த எண் 41 எம்பி. இன்றைக்கு இன்னும் வரவில்லை, 2 மணியாக இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.